கோவா லோனுக்குக் கட்டும் வட்டியில் ஒரு கன்னியாகுமரி டூர்!

லீவு நெருங்கினாலே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்து எனக்கு வர்ற கேள்வி இதுதான்: "சார், குடும்பத்தோட கோவா போக 60,000 ஆகுமாம். இஎம்ஐ போட்டுப் போகலாமா?"

கணக்கைப் பார்த்துடலாம். 60,000 ரூபாயை 16% வட்டியில் பர்சனல் லோனாக எடுத்து 24 மாதத்தில் அடைக்கிறீங்கன்னு வைங்க. மாதத் தவணை சுமார் 2,940 ரூபாய். மொத்தம் கட்டுவது 70,500-ஐத் தாண்டும். வட்டி மட்டும் 10,500! ப்ராசஸிங் ஃபீஸ் தனி. நாலு நாள் கடலைப் பார்த்ததுக்கு ரெண்டு வருஷம் தவணை.

அந்த வட்டிப் பணம் இருந்தாலே நாலு பேர் பஸ்ஸில் கன்னியாகுமரி போய், ரெண்டு ராத்திரி தங்கிட்டு வரலாம். நம்ம ஊரிலிருந்து சங்கரன்கோவில், திருநெல்வேலி வழியா 200 கிலோமீட்டருக்குள்தான். 2,000 ரூபாய் ரூம் ரெண்டு நாளைக்கு 4,000. ஜிஎஸ்டி 5% சேர்த்தா 4,200. (2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு 5%தான், அதுக்கு மேல போனா 18%.) மிச்சம் 6,300-ல பஸ், சாப்பாடு, படகு, ஆட்டோ. சிக்கனமா இருந்தா போதும்.

போன தடவை பார்த்தாச்சேன்னு சொல்றவங்களுக்கு ஒரு சேதி. 2024 டிசம்பர் 30-ல் விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி திருவள்ளுவர் சிலைக்கும் நடுவுல 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்திருக்காங்க. முன்னாடி கடல் சரியில்லைன்னா படகு சிலைப் பக்கமே போகாது. பாறையை மட்டும் பார்த்துட்டுத் திரும்பணும். இப்போ பாறையில இறங்கினா நடந்தே சிலைக்குப் போயிடலாம். சூரிய உதயம் பார்த்த கையோட படகு வரிசைக்கு வந்துடுங்க. டிபன் அப்புறம் சாப்பிடலாம். வெயில் ஏற ஏற வரிசையும் நீளும்.

மத்தியானம் வட்டக்கோட்டை. ஊரிலிருந்து கொஞ்ச தூரம்தான். கடலை ஒட்டின கருங்கல் கோட்டை, மதில் மேல நின்னா நல்ல காத்து. என்னைக் கேட்டா, கடைத்தெருவுல சிப்பி மாலைக்குப் பேரம் பேசுற நேரத்தை இங்கே செலவழிக்கலாம். மறுநாள் தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனை. இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திங்கட்கிழமை லீவு, ஏமாந்துடாதீங்க. குளிக்கணும்னா ஆழமும் அலையும் தெரியாத இடத்துல குழந்தைகளை இறக்க வேண்டாம். முக்கடல் சங்கமத்துல பாறை அதிகம்.

செலவு ஏறுவது பெரும்பாலும் நீங்க தேர்ந்தெடுக்கும் தேதியாலதான். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை ஐயப்ப சீசன். ரூம் வாடகை எகிறும், படகுக்கு மணிக்கணக்கா நிக்கணும். சீசன் முடிஞ்சு, பிப்ரவரியில வார நாளாப் பார்த்துப் போங்க. அதுக்கு இப்பவே மாசம் 1,200 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போட்டா, 9 மாதத்துல 10,800 கையில இருக்கும், வட்டி தனி.

சம்பளக்காரங்க அடுத்துக் கேட்பது எல்டிஏ. மூணு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. புது வரி முறையில் இருந்தா இந்த விலக்கே கிடையாது. பழைய முறையில் இருந்தாலும் பயணச் செலவுக்கு மட்டும்தான். ரூம் வாடகை, சாப்பாடு, ஆட்டோ எதுவும் வராது. நாலு வருஷத் தொகுதிக்கு ரெண்டு பயணம். இப்போ ஓடுவது 2026–2029. 2022–2025-ல பாக்கி வெச்ச பயணம் இருந்தா, ஒண்ணை மட்டும் 2026-க்குள்ள பயன்படுத்திக்கலாம்.

போகாத ஊருக்கு டாக்ஸி பில் வாங்கிக் கொடுக்கிற பழக்கம் சில ஆபீஸ்ல இருக்கு. "எல்லாரும் பண்றாங்க சார்"னு சொல்வாங்க. நோட்டீஸ் வந்தா வரி, வட்டி, அபராதம் மூணும் உங்க பான் நம்பர்லதான் விழும். பில் கொடுத்த டிராவல்ஸ்காரர் வரமாட்டார். நிஜமாவே போயிட்டு வந்தவங்க டிக்கெட்டை உடனே போன்ல போட்டோ எடுத்து வைங்க. பஸ் டிக்கெட் எழுத்து பர்ஸ்ல இருந்தே மாயமாயிடும்.

வழிக்குப் பால்கோவா வாங்கினா கால் கிலோவோட நிறுத்துங்க. அந்த வெயிலுக்கு மறுநாள் வரை தாங்கினாலே பெரிசு.