கணவாயைக் கடந்த பின்னும் பயணம் உண்டு

மலைப் பயணம் மேற்கொள்வோர் பலரிடம், உச்சியைத் தொட்டுவிட்டால் பயணம் முடிந்தது என்ற எண்ணம் உண்டு. உண்மை அதுவன்று. குழுவாகச் செல்வோரின் பொறுமையும் பரிவும் பெரும்பாலும் கடைசி நாள்களில்தான் சோதிக்கப்படுகின்றன. அப்போது உடல் களைத்திருக்கும். ஒரே விதமான உணவு சலித்திருக்கும். ஊர் திரும்ப வேண்டிய தேதியும் நெருங்கியிருக்கும். நேபாள நாட்டின் அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றிவரும் நடைப்பயணம் இதற்குத் தக்க சான்று.

1977 ஆம் ஆண்டில் வெளிநாட்டவருக்குத் திறக்கப்பட்ட இப்பாதை, மர்சியாங்தி ஆற்றங்கரை வழியே ஏறி, தொரோங் லா என்னும் கணவாயைத் தாண்டி, காளி கண்டகி ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. கணவாயின் உயரம் 5,416 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரத்தைப் போல் இருமடங்குக்கும் அதிகம். வழியின் பெரும்பகுதிக்கு இன்று மோட்டார் சாலை வந்துவிட்டபோதிலும், கணவாயைக் கால்நடையாகவே கடக்க வேண்டும்.

மெல்ல நடப்பதே விதி

அவ்வுயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதியே. எனவே 3,000 மீட்டருக்கு மேல், இரவில் தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பது மருத்துவர் அறிவுரை. 3,540 மீட்டர் உயரத்திலுள்ள மனாங் என்னும் ஊரில் குழுவினர் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது இதற்காகவே. தலைவலி, வாந்தி, உறக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். நடை தள்ளாடினாலும், பேச்சில் குழப்பம் தோன்றினாலும், ஓய்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும் உடனே கீழே இறங்குவதே உயிர் காக்கும் வழி.

ஆனால் கணவாய் ஒரு நாள் தொலைவில் இருக்கும்போது, “என்னால் உங்கள் பயணம் கெட வேண்டாம்” என்று எண்ணி நோயை மறைப்பவர் உண்டு. ஆகவே, நோயுற்றவர் வாய் திறக்கும் முன்பே உடன் வருவோர் கேட்டறிய வேண்டும். குழுவின் வேகம் என்பது அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே.

2014 தந்த பாடம்

2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹூட்ஹூட் புயலின் எச்சம் வடக்கே நகர்ந்து, 14 ஆம் தேதி இக்கணவாய்ப் பகுதியில் கடும் பனியாகக் கொட்டியது. அக்டோபர் மாதம் பொதுவாகத் தெளிந்த வானத்துக்குப் பெயர் பெற்றது. ஆதலால் அன்று மலைமீது பலர் இருந்தனர். கணவாயை ஏறிக் கடந்துவிட்ட சிலரும், இறங்கும் வழியில் திசை தெரியாமல் பனியில் சிக்கி மாண்டனர். அன்னபூர்ணா, தவளகிரிப் பகுதிகளில் குறைந்தது 43 பேர் இறந்தனர். அவர்களுள் பயணிகள் மட்டுமல்லர், வழிகாட்டிகளும் சுமைதூக்குவோரும் இருந்தனர். வானிலை மாறும்போது ஒரு நாள் காத்திருப்பதும், வந்த வழியே திரும்புவதும் தோல்வியாகா என்பதை அத்துயரம் உணர்த்திற்று.

சுமப்பவரின் உயிர்

பிறர் மூட்டைகளைச் சுமப்போரில் பலர் தாழ்ந்த பள்ளத்தாக்குகளின் உழவர் குடும்பத்தினர். உயரம் நம்மைத் தாக்குவது போலவே அவர்களையும் தாக்குகிறது. நோயுற்ற சுமையாளரின் கையில் கூலியைக் கொடுத்துத் தனியே இறக்கிவிடுவது கொடுமை. அவர் மொழி அறிந்த துணை ஒருவரோடும் போதிய பணத்தோடும் அனுப்ப வேண்டும் என்று, சுமைதூக்குவோரின் நலனுக்காக 1997 இல் தோன்றிய பன்னாட்டுக் குழு வலியுறுத்தி வருகிறது. கதகதப்பான உடையும் உறங்க நல்ல இடமும் அவருக்கும் உண்டா என்று பார்ப்பது பயணியின் கடமை.

இறங்கும் நாள்கள்

கணவாயைக் கடக்கும் நாளில், காற்று வலுக்குமுன் செல்ல, விடியற்காலை இருளிலேயே புறப்படுவர். கணவாயிலிருந்து முக்திநாத் வரை அன்று ஒரே மூச்சில் 1,600 மீட்டர் இறங்க வேண்டும், முழங்கால்கள் நோகும். நூற்றெட்டு வைணவத் திருப்பதிகளுள் ஒன்றாகத் தமிழ் ஆழ்வார்கள் பாடிய தலம் முக்திநாத். பௌத்தரும் அதனைப் போற்றுகின்றனர். அதற்குக் கீழே காளி கண்டகிப் பள்ளத்தாக்கில், முற்பகல் கழிந்தால் புழுதிக் காற்று கடுமையாக வீசும். காலையிலேயே நடந்து முடிப்பது நன்று.

ஜோம்சோம் ஊரை அடைந்ததும், கடைசி மாலையில் பயணிகளும் வழிகாட்டியும் சுமையாளரும் ஒன்றாக உண்டு, நன்றி கூறி, அன்பளிப்பு வழங்கிப் பிரிவர். அவ்வேளையில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை மீட்டர் ஏறினோம் என்பதன்று. புறப்பட்ட அனைவரும் நலமாகத் திரும்பினோமா என்பதே. முதியோரும் சிறுவரும் நோயாளரும் கூடி வாழும் நம் இல்லங்களிலும், மெதுவாக நடப்பவருக்காக மற்றவர் நின்று காத்திருந்தால் ஒருவரும் பின்தங்கிப் போகமாட்டார்.