காஃபீன் மட்டும் இறங்க வேண்டும்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அத்தை. காஃபீன் நீக்கிய காபித்தூளில் என்னவோ கலக்கிறார்கள் என்று பயப்படுகிறீர்கள். எதையும் கலப்பதில்லை, எடுக்கத்தான் செய்கிறார்கள். அதுவும் தூளிலிருந்து அல்ல, வறுக்காத பச்சைக் கொட்டையிலிருந்து. வறுக்கும்போதுதான் மணமே பிறக்கிறது. அதற்குப் பிறகு நனைத்தால் மணமும் போய்விடும்.

பச்சைக் கொட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் சாம்பல் பூத்த பச்சையாக இருக்கும், பல்லுக்கு அசையாது, முகர்ந்தால் வைக்கோல் வாசம். அராபிகா என்றால் அதில் நூற்றுக்கு ஒரு பங்கு சொச்சம்தான் காஃபீன். அதை எடுப்பது பெரிய காரியமில்லை, மற்றதை விட்டுவைப்பதுதான் கஷ்டம்.

ஜெர்மனியில், பிரெமன் நகரத்துக் காபி வியாபாரி லுட்விக் ரோசெலியுஸ் இதை 1906-இல் தொழிலாகவே தொடங்கினார். ஆவியில் ஊறிய கொட்டையை பென்சீனால் கழுவினார்கள். பென்சீன் புற்றுநோய் தரும் என்று பின்னால் தெரிந்து கைவிட்டார்கள். இன்று மெத்திலீன் குளோரைடு, எத்தில் அசிடேட் போன்றவை. முன்னது 40 டிகிரியிலேயே ஆவியாகும். வறுக்கும் சூடோ 200-ஐ நெருங்கும், தாண்டும். மிஞ்சுவது மிகச் சொற்பம்.

எனக்குப் பிடித்தது தண்ணீர் முறை. வெறும் வெந்நீரில் ஊறவைத்தால் காஃபீனோடு ருசியும் இறங்கிவிடும். அதனால் முதல் ஈட்டுக் கொட்டையைச் சாறு எடுக்கவே செலவழித்து விடுகிறார்கள். அந்தச் சாற்றைக் கரி வழியே விட்டால் காஃபீன் கரியில் தங்கிவிடும், மற்றதெல்லாம் சாற்றிலேயே இருக்கும். அதில்தான் அடுத்த ஈடு ஊறுகிறது. உப்பு மாங்காயை நல்ல தண்ணீரில் போட்டால் உப்பு இறங்கும், அதே உப்புத் தண்ணீரில் கிடந்தால் இறங்காது இல்லையா? அப்படித்தான் ருசி கொட்டைக்குள்ளேயே நிற்கிறது. சாற்றில் இல்லாத காஃபீன் மட்டும் வெளியே வருகிறது. இதைக் கண்டுபிடித்தவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

சோடாவில் அடைக்கிற கரியமில வாயுவைக் கடும் அழுத்தத்தில் செலுத்தியும் எடுக்கிறார்கள்; அதற்குப் பெரிய ஆலை வேண்டும். பிரித்த காஃபீன் வீணாவதில்லை, குளிர்பானத்துக்கும் மாத்திரைக்கும் போகிறது.

ஆனால் துளிகூட இல்லாமல் போய்விடாது. வறுத்த கொட்டையில் 0.1 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் சட்டம். டாக்டர் உங்களைக் குறைக்கச் சொன்னாரா, அறவே கூடாது என்றாரா? அதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.