ஆற்று மணல் எதை வடிகட்டும், எதை வடிகட்டாது?

'ஆரணி ஆற்றங்கரையில் எங்கள் கிணறு. வெள்ளம் செந்நிறமாக ஓடினாலும் கிணற்றுத் தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது. நம்பிக் குடிக்கலாமா?' ஊத்துக்கோட்டைப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது. ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை.

கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, முதல் கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்து ஊறுவதைக் குடத்தில் மொண்டு வந்தவர்கள்தானே நாம்! அதே சங்கதிதான் இங்கும். கரையோரக் கிணற்றில் இறைக்க இறைக்க, ஆற்று நீர் மணலுக்குள் புகுந்து கிணற்றை நோக்கி நகர்கிறது. வண்டல் வழியிலேயே தங்கிவிடும். ஆற்றுப் படுகையின் மேல் அடுக்கில், மணல் துகள்களைச் சுற்றி நுண்ணுயிர்கள் வழவழப்பான படலமாகப் படிந்திருக்கும். நீரிலுள்ள மட்கும் கழிவுகளைத் தின்று தீர்ப்பவை அவைதான். நோய்க் கிருமிகளும் நாளாக நாளாக மடிந்துபோகும். அதனால்தான் ஜெர்மனியில், குடிநீர்க் கிணற்றுக்குப் பாதுகாப்பு எல்லை வகுக்கும்போது, நிலத்தடியில் தண்ணீர் 50 நாள் பயணம் செய்யும் தூரத்தைக் கணக்கில் கொள்கிறார்கள். ரைன் நதிக்கரையிலுள்ள டுசல்டார்ஃப் நகரம் 1870 முதல் இப்படித்தான் தண்ணீர் எடுக்கிறது. ஹரித்வாரில் கங்கைக் கரையோரம் 22 பெரிய கிணறுகள் இருக்கின்றன; அந்தத் தண்ணீரில் குளோரின் மட்டும் கலந்து விநியோகிக்கிறார்கள். திருச்சியில் காவிரி, கொள்ளிடம் மணலிலும் நீர் சேகரிப்புக் கிணறுகள் உண்டு.

இனி, மறுபக்கம். ஒரு சொம்பு உப்புத் தண்ணீரை மணல் வழியாக வடித்துப் பாருங்கள். கண்ணாடிபோலத் தெளிந்து வரும். ஆனால், உப்புக் கரிக்கும். தண்ணீரில் கரைந்திருப்பதை மணல் பெரும்பாலும் விட்டுவிடும். சென்னையின் தாகத்துக்காக மீஞ்சூர் பகுதியில் அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறியது. அங்கே எவ்வளவு மணல் இருந்தும் அந்த உப்பைத் தடுக்க முடியவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற ஆலைப் பகுதிக்கு அருகில் இருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஆலைக் கழிவில் உலோகம் கரைந்திருந்தால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. காய்ச்சினாலும் போகாது.

மணலை அள்ளிவிட்டாலோ, வடிகட்டியே போய்விடுகிறது. பாலேஸ்வரம் போன்ற தடுப்பணைகள் ஆரணி ஆற்று நீரைத் தேக்கி, அது பூமிக்குள் இறங்க அவகாசம் தருகின்றன. ஆனால், இறங்கும் வழியில் மணல் இருக்க வேண்டுமே!

ஆகவே, கேள்வி கேட்ட வாசகருக்கு: வெள்ளம் வடிந்ததும் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கரைந்துள்ள மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. கிருமிப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். ஆலை அருகில் என்றால் உலோகங்களுக்கும் சேர்த்துப் பாருங்கள். கிணற்றுச் சுவரை வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள். வாய்வழியாக வெள்ளம் உள்ளே விழுந்துவிட்டால், மணல் செய்த வேலை அத்தனையும் வீண். கழிவறைக் குழியும் எருக்குழியும் கிணற்றுப் பக்கமே வரக்கூடாது. பரிசோதனை முடிவு வரும்வரை, குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள். அது கிருமிகளுக்கு மட்டும்தான்.