விபத்து நடந்த பின் 48 மணி நேரம்: நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வடமதுரையைத் தொட்டுச் செல்லும் திண்டுக்கல்–திருச்சி நான்கு வழிச்சாலையில் ஏறாமல் நமக்கு ஒரு நாளும் கழிவதில்லை. மில் வேலை, கல்லூரி, ஆஸ்பத்திரி, நிக்காஹ் என எதற்கும் அதுதான் வழி. அந்தச் சாலையில் ஒருவர் அடிபட்டு விழுந்தால், "பணத்துக்கு என்ன செய்வது, போலீஸ் கேஸ் ஆகிவிடுமா" என்ற இரண்டு பயங்களிலேயே நேரம் கரைந்துவிடுகிறது. இரண்டுக்கும் இன்று அவசியம் இல்லை.

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கும் எவருக்கும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை வேண்டாம். வெளிமாநிலத்தவராக இருந்தாலும் சரி. 201 அரசு மருத்துவமனைகள், 408 தனியார் மருத்துவமனைகள் என 609 இடங்களில் தொடங்கியது. உயிர்காக்கும் 81 சிகிச்சை முறைகள் இதில் அடங்கும். முதலில் ரூ.1 லட்சமாக இருந்த உச்சவரம்பு பின்னர் ரூ.2 லட்சமாக உயர்த்தப்பட்டது.

48 மணி நேரம் முடிந்த பிறகுதான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அதன் கீழ் சிகிச்சை தொடரும். இல்லையென்றால் அரசு மருத்துவமனைக்கு மாற வேண்டும், அல்லது சொந்தப் பணம் கட்ட வேண்டும். தகுதி இருந்தும் அட்டை எடுக்காத வீடுகள் இந்த வாரமே எடுத்துவிடுவது நல்லது.

அடுத்தது போலீஸ் பயம். அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் வழிகாட்டு நெறிகளை உறுதி செய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவே அது சேர்ந்துவிட்டது. நல்லெண்ணத்தில் உதவியவர் மீது வழக்கு இல்லை. விருப்பமில்லை என்றால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 108-ஐ அழையுங்கள். கழுத்தோ முதுகோ அடிபட்டிருக்கலாம் என்று தோன்றினால், ஆம்புலன்ஸ் வரும் வரை அவரை அப்படியே அசையாமல் வைத்திருங்கள்.

இவ்வளவும் விழுந்த பிறகு செய்வது. விழாமல் இருப்பதற்கு என்ன செய்கிறோம்? தமிழ்நாட்டில் 2016-ல் சாலை விபத்துகளில் 17,218 பேர் இறந்தனர். 2019-ல் அது 10,525 ஆகக் குறைந்தது. 2022-ல் மீண்டும் 17,884. நல்ல சிகிச்சைத் திட்டம் வந்த பிறகும் எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்றால், ஆஸ்பத்திரியால் மட்டும் இதை நிறுத்த முடியாது என்றுதான் அர்த்தம்.

வெளிநாட்டில் உழைக்கும் அத்தா அனுப்பும் பணத்தில் பிளஸ் டூ படிக்கும் பையனுக்கு பைக் வருகிறது. ரமழானில் தராவீஹ் முடிந்ததும் மூன்று பேர் ஒரே வண்டியில், ஹெல்மெட் இல்லாமல் கிளம்புகிறார்கள். 'நஸீப்' என்று பேசுவோர் இதையும் யோசிக்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஹெல்மெட் உயிரிழப்பு அபாயத்தை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கிறது. சட்டமும் கடுமையானது. 18 வயதுக்குக் கீழுள்ளவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

மஹல்லா ஜமாஅத்துக்கும் வேலை இருக்கிறது. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று பயானில் கேட்கிறோம். ஜும்ஆ நேரத்தில் சாலையை மறித்து நிற்கும் நம் வண்டிகளும் அந்தத் தொல்லையில் சேர்த்திதான். திண்டுக்கல்லில் இத்திட்டத்தில் உள்ள மருத்துவமனைகள் எவை என்று கேட்டு, பள்ளிவாசல் பலகையில் எழுதி வைக்கலாம்.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டாலும் இழப்பீடு உண்டு. உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம், பலத்த காயத்துக்கு ரூ.50,000. 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை நடைமுறையில் உள்ளது. விபத்து நடந்த இடத்துக்குரிய கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வடமதுரைக்கு அது வேடசந்தூர் தாலுகா. காவல் நிலையத்தில் பதிவான முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.