இருபத்தொரு நாளும் பதினான்கு நாள் சீட்டும்

லண்டனில் குடியிருக்கும் நாங்கள் ஐவரும், அதாவது முழங்கால் வலியோடு நடமாடும் என் தாயாரும், மனைவியும், அந்த மாதந்தான் பத்து வயது நிறைந்திருந்த மகளும், நான்கு வயது மகனும், நானும், ஒரு கோடை விடுமுறையில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்குப் போய் மூன்று வாரம் தங்கி வருவதென்று தீர்மானித்தபோது, விமானத்துக்கும் வாடகை வீட்டுக்கும் ஏற்பாடு செய்ய இரண்டு மாலைகள் போதுமானவையாக இருந்தன. ஆனால் ஆர்லாண்டோ நகரைச் சுற்றியுள்ள கேளிக்கைப் பூங்காக்களுக்கு எந்தச் சீட்டை வாங்குவது என்ற ஒரே கேள்வி எட்டு இரவுகளை எடுத்துக்கொண்டது. மகளின் பள்ளிக்கூட நோட்டில் இருபத்தொரு கட்டங்கள் போட்டு, சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பென்சிலால் எழுதுவதும் ரப்பரால் அழிப்பதுமாக இருந்ததில், அந்தத் தாள் நடுவில் நைந்து ஓட்டையே விழுந்துவிட்டது.

இத்தனை தடுமாற்றத்துக்குக் காரணம் அங்கே இருப்பவற்றின் பெருக்கமே. டிஸ்னி வேர்ல்டு மட்டுமே ஏறக்குறைய 40 சதுர மைல் பரப்புள்ளது. அதனுள் 1971-இல் திறந்த மாஜிக் கிங்டம், 1982-இல் எப்காட், 1989-இல் இன்று ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என வழங்குவது, 1998-இல் அனிமல் கிங்டம் என நான்கு பூங்காக்களும், போதாக்குறைக்கு இரண்டு நீர்ப் பூங்காக்களும் இருக்கின்றன. சற்றுத் தொலைவில் யூனிவர்சல் நிறுவனத்தின் பூங்காக்கள்; அவற்றுள் எபிக் யூனிவர்ஸ் 2025 மே மாதத்தில்தான் திறந்தது. ஸீ வேர்ல்டு வேறு, விண்டர் ஹேவனில் லெகோலாண்டு வேறு, டாம்பாவில் புஷ் கார்டன்ஸ் வேறு, அட்லாண்டிக் கரையில் கென்னடி விண்வெளி மையம் வேறு. ஒரு நிறுவனத்தின் சீட்டு மற்றொன்றின் வாசலில் செல்லாது.

சீட்டு என்பது உண்மையில் எதை வாங்குகிறது என்பதை அறிய, அதன் பூர்வ கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1955-இல் டிஸ்னிலாண்டு திறந்த சில மாதங்களுக்குள் கூப்பன் புத்தகங்கள் வந்துவிட்டன. ஃபுளோரிடாவிலும் 1971 முதல் அதே முறைதான். வாசலில் நுழையப் பெரியவர்களுக்கு மூன்றரை டாலர். உள்ளே ஒவ்வொரு சவாரிக்கும் ஏ முதல் ஈ வரை எழுத்திட்ட கூப்பன் ஒன்றைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். மிகச் சிறந்த சவாரிகளுக்கே ஈ கூப்பன் என்பதால், 1983-இல் விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண்மணியான ஸாலி ரைட் தம் பிரயாணத்தை வர்ணிக்கும்போதுகூட ‘ஈ டிக்கட்’ என்ற அந்தச் சொல்லையே எடுத்தாண்டார். ஆனால் அதற்கு முந்திய ஆண்டே, எப்காட் திறந்ததை ஒட்டிக் கூப்பன்கள் மறைந்து, ஒருநாள் சீட்டு வாங்கினால் எல்லாச் சவாரியும் ஏறலாம் என்ற விதி ஏற்பட்டுவிட்டது. அன்று முதல் நாம் வாங்குவது சவாரியை அன்று, காலத்தை. காசு கொடுக்க வேண்டிய இடத்தில் இப்போது நிற்க வேண்டியிருக்கிறது; வரிசையே விலையாகிவிட்டது.

பிறகு அந்தக் காலத்துக்கும் வேலி போட்டார்கள். பயன்படுத்தாமல் மிஞ்சிய நாட்களைப் பெட்டியில் வைத்திருந்து பல ஆண்டுகள் கழித்துவந்து செலவிடலாம் என்றிருந்த சௌகரியம், 2005-இல் தனிக் கட்டணத்துக்கு உரியதாகிப் பின்னர் அடியோடு நின்றுபோயிற்று. 2018 அக்டோபர் முதல், எந்தத் தேதியில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தே விலையும் மாறுகிறது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் வாரங்களில் கொடுக்கும் அதே சீட்டின் விலை செப்டம்பரில் வெகுவாக இறங்கிவிடும். பள்ளிக்கூட விடுமுறையை அனுசரித்தே கிளம்ப வேண்டிய குடும்பஸ்தனுக்கு இதில் அதிக சுதந்திரம் இல்லை. ஆயினும் பால்குடி மறந்த குழந்தை மட்டும் இருக்கும் இளம் தம்பதிகள் செப்டம்பரில் போவதே நலம். மூன்று வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டே வேண்டியதில்லை. 3 முதல் 9 வரை சிறுவர் கட்டணம். பத்தாவது பிறந்த நாள் வந்துவிட்டால் பெரியவர் கட்டணம். எங்கள் மகள் மூன்று வார வித்தியாசத்தில் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தாள்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒருநாள் சீட்டு இப்போது ஆண்டின் எந்தப் பருவத்திலும் நூறு டாலருக்கு மேற்பட்டதே. ஆனால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று சேர்த்துக்கொண்டே போகும்போது ஒவ்வொரு நாளுக்கும் கூடும் தொகை இறங்கிக்கொண்டே வந்து, ஐந்தாறு நாளுக்கு அப்பால் மேலும் ஒரு நாள் என்பது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அமெரிக்காவில் பொதுவாக விற்கும் சீட்டுகள் ஒன்று முதல் பத்து நாள் வரைக்கும் உள்ளவை. அவற்றிலும் ஒரு நிபந்தனை: 5 நாள் சீட்டை 8 நாளுக்குள்ளும், 10 நாள் சீட்டை 14 நாளுக்குள்ளும் செலவிட்டாக வேண்டும். மூன்று வாரம் தங்குகிறவன் முதல் வாரத்தில் ஒரு நாளும் கடைசி வாரத்தில் ஒரு நாளுமாகப் பிரித்துப் போக நினைத்தால் இந்த எல்லையில் வந்து முட்டிக்கொள்வான். விலைப் பட்டியலைப் பார்க்குமுன் இந்த எல்லையைப் பார்ப்பது அவசியம். காட்டியுள்ள விலையோடு ஆறரை சதவீத விற்பனை வரியும் சேரும் என்பதையும் ஞாபகம் வைக்க வேண்டும்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குடியிருப்பவர்களுக்கென்று டிஸ்னி தனியாக 14 நாள் சீட்டு ஒன்று விற்கிறது. ஒரே நாளில் நான்கு பூங்காக்களுக்கும் மாறி மாறிப் போகலாம், நீர்ப் பூங்காக்களும் அதில் அடக்கம். இதைப் பார்த்ததும் என் மனைவி கேட்டது நியாயமான கேள்வி: “பதினாலு நாளும் அங்கேயே போய் நிற்கப் போகிறோமா? அத்தை கால் என்னத்துக்கு ஆகும்?” அதற்கு அன்று என்னிடம் விடை இல்லை. இன்று சொல்வேன்: நீண்ட சீட்டின் பயன் பதினான்கு நாளும் போவதில் இல்லை, போன நாளில் எந்த நேரத்திலும் திரும்பி வந்துவிடலாம் என்பதில் இருக்கிறது. ஒருநாள் சீட்டு வாங்கியவன், கொடுத்த பணம் வீணாகிவிடுமே என்ற நிர்ப்பந்தத்தால், அழுகிற குழந்தையையும் அயர்ந்துபோன பெரியவரையும் இழுத்துக்கொண்டு நள்ளிரவு வரை சுற்றுகிறான். நீண்ட சீட்டுக்காரனுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஆகையால், பத்து நாளுக்குக் குறைவாகத் தங்குகிறவர்கள் குறைந்த நாள் சீட்டையே வாங்கட்டும். சாவகாசமாகத் தங்குகிறவர்கள், அதுவும் மூன்று தலைமுறையாகப் போகிறவர்கள், கிடைக்குமானால் நீண்டதையே வாங்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஃபுளோரிடாவின் கோடையே இதை வற்புறுத்துகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலான நாட்களில் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு வானம் இருண்டு இடியும் மின்னலுமாகக் கொட்டும். மின்னல் அருகில் வந்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். லண்டனிலிருந்து போகிறவனுக்கு ஐந்து மணி நேர வித்தியாசம். முதல் நான்கைந்து நாள் குழந்தைகள் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். இதை ஒரு கஷ்டமாக எண்ணாமல், வரிசை நீளும் பூங்காக்களை அந்த முதல் நாட்களுக்கே ஒதுக்கிவைத்தால், வாசல் திறக்குமுன்பே போய் நின்று, வெயில் ஏறுவதற்குள் முக்கியமான நாலைந்து சவாரிகளை முடித்து, மழைக்கு முன் வீடு திரும்பிவிடலாம்.

பூங்காவிட்டுப் பூங்கா மாறும் உரிமையைத் தனிப் பணம் கொடுத்து வாங்குவது எல்லோருக்கும் தேவைப்படாது. மாஜிக் கிங்டத்துக்குக் காரில் போனால், காரை நிறுத்திவிட்டு, ஒற்றைத் தண்டவாள ரயிலிலோ படகிலோ ஒரு செயற்கை ஏரியைக் கடந்துதான் வாசலை அடைய முடியும். அங்கிருந்து கிளம்பி வேறு பூங்காவில் நுழைவதற்குள் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கரைந்துவிடும். ஆனால் யூனிவர்சலில் விஷயம் வேறு. அங்கே ஹாரி பாட்டர் கதையின் ஹாக்ஸ்மீட் கிராமம் ஒரு பூங்காவிலும், டயகான் சந்து அடுத்த பூங்காவிலும் இருக்க, இரண்டையும் இணைத்து ஹாக்வார்ட்ஸ் ரயில் ஓடுகிறது. இரண்டு பூங்காவுக்குமான சீட்டு இல்லாதவரை அந்த ரயிலில் ஏற்ற மாட்டார்கள். அந்தக் கதைகளைப் படித்து வளர்ந்த குழந்தையை அழைத்துப் போகிறவர், வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம்.

1999-இல் டிஸ்னி இலவசமாகத் தொடங்கிய, வரிசையைத் தவிர்க்கும் வசதி 2021 முதல் தலைக்கு இவ்வளவென்று நாள்தோறும் கட்டணத்துக்கு உரியதாகிவிட்டது. ஐந்து பேருக்குப் பல நாள் இதை வாங்கினால் சீட்டின் விலையோடு போட்டி போடும். நீண்ட நாள் தங்குகிறவர் இதை நெரிசல் மிகுந்த ஓரிரு நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். யூனிவர்சலின் உயர்தர விடுதிகள் மூன்றில், போர்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பஸிஃபிக் ஆகியவற்றில், ஓர் இரவு தங்கினால், வந்த நாளும் கிளம்பும் நாளுமாக இரண்டு நாளுக்குப் பழைய இரு பூங்காக்களிலும் வரிசை தவிர்க்கும் உரிமை அறை வாடகையிலேயே சேர்ந்துவிடும். பெரிய குடும்பத்துக்கு இது நல்ல உபாயம்.

சீட்டு வாங்குமுன் குழந்தையைச் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஸ்பேஸ் மௌண்டன் என்ற சவாரிக்கு 44 அங்குலம் வேண்டும். எங்கள் மகன் அளவுகோலின் அருகே குதிகாலை மெல்ல உயர்த்தி நின்றான். பணிப்பெண் குனிந்து அவன் தோளைத் தொட்டுச் சிரித்து, காலைத் தரையில் வைக்கச் சொன்னாள். மூன்று அங்குலம் குறைந்தது. அவன் உதடு பிதுங்கியதை நினைத்தால் இன்னும் மனசு என்னவோ செய்கிறது. இத்தகைய இடங்களில் தாயும் தந்தையும் முறைவைத்துக் குழந்தையோடு வெளியே நிற்க, இரண்டாமவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறும் ஏற்பாடு உண்டு. கட்டணம் இல்லை, கேட்டால் கொடுப்பார்கள்.

சாலையோரக் கடைகளில் மிச்ச நாட்கள் உள்ள சீட்டு மலிவாகக் கிடைக்கிறதென்று யாரேனும் சொன்னால் நின்று கேட்கவும் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்திய பலநாள் சீட்டைக் கைமாற்றி விற்பது ஃபுளோரிடாவின் சட்டப்படி குற்றம். விரல் பதிவோடு சீட்டை இணைத்துவிடுவதால் வாசலில் அது செல்லவும் செல்லாது.

பதினான்கு நாள் சீட்டில் நாங்கள் ஒன்பது நாள்தான் உள்ளே போனோம். அந்த ஒன்பதிலும் முழு நாளாக இருந்தவை நான்கே. பதினாறாம் நாள் மாலை, மழை ஓய்ந்தபின், “இன்றைக்கு எங்கும் வேண்டாம்” என்று படுத்திருந்த அம்மா, ஏழு மணிக்கு எழுந்து, “கொஞ்சம் காற்றாடப் போய்விட்டு வரலாமா?” என்றாள். எப்காட்டின் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் மண்டபங்கள் இருக்கின்றன. அவற்றில் ஜப்பான் மண்டபத்தின் முன் பெரிய முரசுகளைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஈரம் காயாத கல் திண்ணையில் துண்டை விரித்து அம்மா உட்கார்ந்தாள்; மகன் அவள் மடியில் படுத்துத் தூங்கிப்போனான். அரைமணி நேரம் அந்த முரசைக் கேட்டுவிட்டு, ஒரு சவாரியிலும் ஏறாமல், வீட்டுக்குத் திரும்பினோம்.