வடு ஆற்றும் எழுத்து

நுழையும்முன்

உடலில் பட்ட காயத்தைப் பிறர் காண்பர், மருந்திடுவர். உள்ளத்தில் பட்ட காயமோ வெளியே தெரிவதில்லை. அதைச் சுமப்பவரே அதனை முதலில் காணவேண்டும். தம் வாழ்வைத் தாமே எழுதிப் பார்ப்பதும் அதைப் பிறரோடு பகிர்வதும் அதற்கு எவ்வாறு துணைசெய்கின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

அழுகையின் நான்கு காரணங்கள்

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்கிறது. அந்நூல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகையும் ஒன்று. பிறரால் இகழப்படுதல், உரியவற்றை இழத்தல், பழைய நிலையிலிருந்து தாழ்தல், வறுமையுறுதல் ஆகிய நான்கும் அழுகைக்குரிய காரணங்களாகும்.

இவற்றுள் இழப்புக்கு அழும்போது ஊரே உடன் அழுகிறது. ஒப்பாரி பாடும் பெண்கள், இறந்தவரின் பெருமையோடு தம் வாழ்வின் குறைகளையும் சேர்த்தே பாடுகின்றனர். ஆனால், இகழப்பட்டவருக்காக அத்தகைய கூட்டம் கூடுவதில்லை. நேர்ந்ததைச் சொல்வதே மற்றோர் இழிவு என்று எண்ணி அவர் அடக்கிக்கொள்கிறார். அவ்வாறு அடக்கப்பட்ட துயருக்கே எழுத்து பெரிதும் தேவைப்படுகிறது.

ஆய்வு காட்டும் உண்மை

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்பவருடன் இணைந்து 1986ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதில் 46 கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள்கள், நாளொன்றுக்கு 15 நிமிடங்கள் எழுதினர். ஒரு சாரார் அன்றாடப் பொருள்களைப் பற்றி எழுதினர்; ஏனையோர் தம் வாழ்வில் நேர்ந்த பெருந்துயரத்தைப் பற்றி எழுதினர்.

துயரத்தை உணர்வோடு எழுதியோர், எழுதி முடித்தவுடன் முன்னிலும் மிகுதியாக வருந்தினர். ஆயினும், நிகழ்வையும் உணர்வையும் இணைத்து எழுதியோர், அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவ மையத்தை நாடிச் சென்றது ஏனையோரைவிடக் குறைவாக இருந்தது. நிகழ்வை மட்டும் எழுதியோரிடம் அத்தகைய பயன் தெளிவாகப் புலப்படவில்லை.

எழுதப்பட்ட சொற்களை அவர் பின்னர் ஆராய்ந்தார். நாளுக்கு நாள் காரணத்தையும் புரிதலையும் குறிக்கும் சொற்கள் யாருடைய எழுத்தில் பெருகினவோ, அவர்களே மிகுந்த பயன் பெற்றனர் என்பது தெரியவந்தது. ஆகவே, வெறும் புலம்பல் துயரை ஆற்றுவதில்லை. சிதறிக் கிடந்த நினைவுகள் முன்பின் உடைய கதையாக ஒழுங்கு பெறும்போதே மனம் ஆறுகிறது எனலாம்.

கருக்கு என்னும் சான்று

தமிழில் இதற்கு எழுத்தாளர் பாமாவின் 'கருக்கு' சிறந்த சான்றாகும். விருதுநகர் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் பிறந்த அவர், ஆசிரியராகப் பணியாற்றியபின், ஏழைக் குழந்தைகளுக்குத் தொண்டாற்ற விரும்பித் துறவு மடத்தில் சேர்ந்தார். அங்கும் சாதி வேற்றுமையைக் கண்டு மனம் நொந்து, ஏழாண்டுகளுக்குப்பின் வெளியேறினார். அந்நிலையில் தம் உள்ளக் காயத்தை ஆற்றிக்கொள்வதற்காகவே அவர் எழுதத் தொடங்கினார். 1992ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூல், பனைமட்டையின் இருபுறமும் அரம்போல் கூர்மையாக அமைந்த விளிம்பின் பெயரைப் பெற்றது.

சிறுமியாக இருந்தபோது கண்ட ஒரு காட்சியை அவர் அதில் விவரிக்கிறார். தம் தெருப் பெரியவர் ஒருவர், தின்பண்டப் பொட்டலத்தின்மீது கை படாதவாறு, கட்டிய நூலை மட்டும் பிடித்துக்கொண்டு நிலக்கிழாரிடம் செல்கிறார். அதைக் கண்ட சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. தொட்டால் தீட்டு என்பதால்தான் அவர் அவ்வாறு சென்றார் என்று அண்ணன் விளக்கியபின், சிரிப்பு மறைந்து சினமும் துயரும் எழுகின்றன. காட்சியும் உணர்வும் அதன் காரணமும் இங்கு ஒன்றாக இணைகின்றன. இழிவு அந்தப் பெரியவருடையதன்று, அவரை அவ்வாறு நடக்கச் செய்த சமூகத்தினுடையது என்பதும் புலனாகிறது.

பகிர்தலின் பயனும் எல்லையும்

பகிர்தல் எளிதன்று. நூல் வெளிவந்தபோது, தங்கள் நிலையை ஊரறியச் செய்துவிட்டதாகப் பாமாவின் ஊராரே சினந்தனர். படித்த இளைஞர்கள் நூலின் நோக்கத்தை விளக்கியபின்னரே அவர்கள் தெளிந்தனர். பின்னர், 2000ஆம் ஆண்டில் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக அந்நூல் பிற நாட்டாரையும் சென்றடைந்தது. தனியொருவர் மறைத்து வைத்திருந்த வலி, பலர் ஆராய வேண்டிய சமூகச் சிக்கலாக உணரப்பட்டது.

எழுதிய அனைத்தையும் பிறரிடம் காட்ட வேண்டும் என்பதில்லை. எதை, எப்போது, யாரிடம் பகிர்வது என்பதை எழுதியவரே முடிவு செய்யவேண்டும். எழுதும்போது துயர் தாங்க முடியாததாயின், எழுதுவதை நிறுத்திவிட்டு, நம்பிக்கைக்குரிய பெரியவரையோ மனநல மருத்துவரையோ நாடுதல் வேண்டும். எழுத்து மருத்துவத்திற்கு மாற்றன்று.

எழுதுவோருக்குத் துணிவு வேண்டும். கேட்போருக்கும் ஒரு கடமை உண்டு. ஒருவர் தம் வாழ்வைச் சொல்லும்போது எள்ளாமல், இடைமறிக்காமல், பிறரிடம் பரப்பாமல் செவிகொடுப்பதே அக்கடமை. அத்தகைய செவி வாய்க்கும் இடத்தில்தான் எழுத்து மருந்தாகிறது.