ரிமோட் சாவியும் மூணாற்றுக் குளிரும்

ஜனவரி மாதத்து விடியற்காலையில் மூணாற்றில் தங்கியிருக்கும் களப்பணியாளர் ஒருவர் தம் மோட்டார் காரை அணுகிச் சாவியின் பொத்தானை அழுத்துகிறார். கதவு திறக்கவில்லை. மறுபடியும் அழுத்துகிறார், பயனில்லை. சாவி கெட்டுவிட்டது என்று தீர்மானித்து, மலையிறங்கித் தேனிக்கோ கொச்சிக்கோ ஆள் அனுப்புகிறார். ஒரு நாள் வேலையும் ஆயிரக்கணக்கான ரூபாயும் செலவாகின்றன. இத்தகைய சந்தர்ப்பங்களிற் பலவற்றில் சாவி கெட்டிருப்பதே இல்லை.

ரிமோட் சாவி என்று நாம் கூறுவது ஒரே உறைக்குள் அடங்கிய இரண்டு கருவிகளாகும். முதலாவது, கதவைத் திறக்கும் சிறிய ரேடியோ ஒலிபரப்பி. இந்திய வண்டிகளில் இது பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. இதற்குப் பாட்டரி தேவை. இரண்டாவது, எஞ்சினை இயக்க அனுமதி அளிக்கும் 'டிரான்ஸ்பாண்டர்' என்னும் நுண்சில்லு. இதற்குப் பாட்டரி தேவையில்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்தவருக்குப் பழுதின் பாதி புலப்பட்டுவிடும்.

முத்திரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடத்தில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மூணாறு அமைந்துள்ளது. குளிர் மிகுந்த ஆண்டுகளில் செண்டுவாரை, செவன்மலை முதலிய தோட்டப் பகுதிகளில் உஷ்ணநிலை பூஜ்யத்தை எட்டிப் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. சாவியில் வைக்கப்படுவதோ பெரும்பாலும் சி.ஆர். 2032 என்னும் லிதியம் பாட்டரி; 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் கனமும் உடையது. அதன் அழுத்தம் 3 வோல்ட். குளிரில் இதனுள் நிகழும் இரசாயன மாற்றம் மந்தமடைந்து, உள்மின்தடை உயர்கிறது. பொத்தானை அழுத்தும் கணத்தில் ஒலிபரப்பி மின்னோட்டத்தை இழுக்கவே, அழுத்தம் சட்டெனச் சரிகிறது. மல்டிமீட்டரில் சுமையின்றி அளந்தால் ஏறக்குறைய 3 வோல்ட் காட்டும் பழைய பாட்டரியும் குளிரில் கைவிடுவது இதனாலேயே. ஆகவே, முதலிற் செய்யத்தக்க பரிசோதனை மிக எளியது. சாவியை உள்ளங்கையிற் சில நிமிடம் இறுகப் பற்றிச் சூடேற்றிப் பின் அழுத்துக. வேலை செய்தால் பாட்டரியின் ஆயுள் முடியும் தறுவாயில் உள்ளது என்பது தெளிவு. அடுப்பின் மேலோ கணப்பின் அருகிலோ வைத்துச் சூடேற்றுவது அபாயகரமானது; லிதியம் பாட்டரி வெடிக்கக்கூடும்.

குளிரைப் போலவே ஈரமும் தொல்லை தருவது. மூணாற்றிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் வண்டியில், குளிர்ந்த சாவி சமவெளியின் வெப்பமான ஈரக் காற்றைச் சந்திக்கிறது. மூக்குக் கண்ணாடியில் படிவது போன்றே நீராவி அதன் உட்புறத்திலும் படியலாம். உறையைத் திறந்து, பாட்டரியை அகற்றி, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் உலர்த்துவது நன்று. அரிசிக்குள் புதைத்து வைப்பதால் பெரும் பயன் இல்லை. மாவுதான் உள்ளே சேரும். தொடுமுனைகளில் பச்சை நிறக் கறை காணப்பட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சினால் துடைக்கலாம்.

வீட்டில் மற்றொரு சாவி இருப்பின் அதுவே சிறந்த பரிசோதனைக் கருவி. அது கதவைத் திறந்தால் பழுது முதற் சாவியில் உள்ளது. இரண்டும் திறக்கவில்லையெனில் வண்டியின் பாட்டரி, பியூஸ், ஏற்பி ஆகியவற்றையே சோதித்தல் வேண்டும்.

பாட்டரி புதியதாயிருந்தும் ஒரு சாவி மட்டும் மறுக்கப்படுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பொத்தானை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சாவி புதியதோர் இரகசியக் குறியீட்டை அனுப்புகிறது. முன்பு அனுப்பியதைத் திருடன் பதிவு செய்து மீண்டும் ஒலிபரப்பினால் வண்டி அதனை ஏற்பதில்லை. 1980-களில் தென்னாப்பிரிக்காவில் உருவாகி, 1995-இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனத்தின் கைக்கு வந்த 'கீலாக்' முறை இவ்வகையிற் புகழ் பெற்றது. அம்முறையில் சாவியின் எண்ணிக்கை வண்டியின் எண்ணிக்கையைவிட 16 வரை முந்தியிருப்பின் உடனே ஏற்கப்படும். அதற்கு மேல் முந்தியிருந்தால், அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் இணக்கம் ஏற்படும். வண்டிக்குத் தொலைவில் குழந்தைகள் சாவியை அழுத்தி விளையாடிய பின் முதல் அழுத்தத்திற்குக் கதவு அசையாதது இதனாலேயே.

டிரான்ஸ்பாண்டரின் இயக்கம் பள்ளி ஆசிரியர்களுக்குப் பழக்கமான தத்துவமே. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. சாவியினுள் உள்ள சிறு சுருளில் மின்சாரம் தூண்டப்படுகிறது. அந்தச் சக்தியைக் கொண்டே சில்லு தன் அடையாளத்தைத் தெரிவிக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இது. எனவே பாட்டரி முற்றிலும் தீர்ந்த பின்னரும், சாவியில் உள்ள உலோக அலகினால் கதவைத் திறந்து எஞ்சினை இயக்கலாம். அப்போது எச்சரிக்கை மணி ஒலிக்கலாம். எஞ்சின் சாவியைத் திருப்பியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். பொத்தானால் இயங்கும் வண்டிகளிலோ, உலோக அலகு சாவியின் உள்ளே செருகப்பட்டிருக்கும், சாவியை இயக்கும் பொத்தானின்மேல் ஒட்டிப் பிடித்து அழுத்துவது பொதுவான முறை, சில வண்டிகளில் இதற்கெனத் தனியிடம் உண்டு, கையேட்டிற் காணலாம். காட்டு யானைகள் நடமாடும் மலைச்சாலையில் இரவு வேளையில் வண்டிக்கு வெளியே நின்று உதவியை எதிர்பார்ப்பவருக்கு இச்செய்தி சிறிதன்று.

பாட்டரி மாற்றுகையில் கூட்டற்குறி உள்ள பக்கம் எத்திசையில் இருந்தது என்பதை முதலிற் கவனித்துக்கொள்ள வேண்டும். கழற்றிய பழைய பாட்டரியை மேசைமீது விட்டுவைத்தல் ஆகாது. குழந்தை அதனை விழுங்கிவிட்டால், அது உணவுக்குழாயில் தங்கி, உமிழ்நீரின் வழியே மின்னோட்டம் பாய்ந்து காரப்பொருள் உண்டாகி, இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே சதையை அரிக்கத் தொடங்கும். தீர்ந்துவிட்டதாகக் கருதப்படும் பாட்டரியும் இதற்குப் போதிய சக்தி உடையது. வலி இல்லையென்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

உறை மட்டும் உடைந்திருப்பின் கடைகளிற் கிடைக்கும் வெற்றுறையை வாங்கி மின்சுற்றுப் பலகையை அதற்கு மாற்றிக்கொள்ளலாம், செலவு குறைவு. பலர் தவறுவது இங்கேதான். சில சாவிகளில் டிரான்ஸ்பாண்டர் சில்லு பலகையில் இராமல், அரிசி மணியினும் சற்றே பெரிய கருந்துண்டாக உறையின் மூலையில் ஒட்டப்பட்டிருக்கும். அதனைக் கவனியாது பழைய உறையைக் குப்பையில் எறிந்தவர், புதிய உறையினால் கதவைத் திறந்து அமர்வார்; எஞ்சின் இயங்காது.

முற்றிலும் புதிய சாவி தேவைப்படின், உலோக அலகை வெட்டுவதோடு வேலை முடிவதில்லை. டாஷ்போர்டின் கீழுள்ள 16 முனை இணைப்பில் கருவியைப் பொருத்தி, புதிய சில்லை வண்டியின் நினைவகத்திற் பதிவு செய்தல் வேண்டும். சில வண்டிகளில் அவ்வேளையில் முந்தைய பதிவுகள் யாவும் அழிந்துவிடுமாதலால், கைவசமுள்ள எல்லாச் சாவிகளையும் உடன் கொண்டு செல்லவேண்டும். சாவி தொலைந்துபோய் மாற்றுபவர், தொலைந்த சாவியின் பதிவை நீக்கும்படி கேட்டுப் பெறல் வேண்டும். நீக்காவிடில் அதனைக் கண்டெடுத்தவர் கையிலும் வண்டி இயங்கும்.